நிறம் இழந்த நகரம்
ஒரு போர்க்கால வீடியோ விளையாட்டின் பலமும் பலவீனமும்

புதுச்சேரி நகரின் வடபகுதியில், கடலை ஒட்டி அமைந்திருக்கிறது வைத்திக்குப்பம். மாசிமகத்தன்று சுற்றுவட்டாரக் கோயில்களின் சுவாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து கூடும் கடற்கரை இது. இங்கிருந்து கரையோரமாகத் தெற்கே நடந்தால் குருசுக்குப்பம் வரும். பிறகு கடற்கரைச் சாலை, 1836-இல் கட்டப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், நேர்க்கோட்டில் வெட்டிக்கொள்ளும் பிரெஞ்சுக்காரர் காலத்துத் தெருக்கள்.

இந்த ஊரை அப்படியே ஒரு கணிப்பொறிக்குள் வைக்க முடியுமா? எந்தச் சந்திலும் நுழையலாம், எந்த மாடியிலும் ஏறலாம், எந்த வண்டியையும் ஓட்டலாம் என்ற சுதந்திரத்தோடு?

முடியும். இத்தகைய வீடியோ விளையாட்டுகளைத் 'திறந்த உலக' விளையாட்டுகள் என்கிறார்கள். பழைய விளையாட்டுகளில் இடமிருந்து வலமாக ஒரே பாதையில்தான் ஓட வேண்டும். திறந்த உலகத்தில் ஒரு நகரமே உங்கள் முன் விரிந்து கிடக்கும். எங்கே போவது என்பது உங்கள் விருப்பம்.

அத்தகைய ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு, அது எப்படி இயங்குகிறது, எதில் வெல்கிறது, எதில் தோற்கிறது என்று பார்ப்போமா? அதன் பெயர் 'தி சபோட்டர்'. 'நாசவேலைக்காரன்' என்று பொருள். அமெரிக்காவின் பாண்டமிக் ஸ்டுடியோஸ் உருவாக்க, எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2009 டிசம்பரில் வெளியிட்டது. களம், ஜெர்மானிய நாஜிகள் பிடித்துவைத்திருந்த பாரிஸ் நகரம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது பெரியவர்களுக்கான விளையாட்டு. அமெரிக்காவில் 17 வயதும் ஐரோப்பாவில் 18 வயதும் நிரம்பியோர்க்கு என்று வகைப்படுத்தப்பட்டது. நாம் இதை விளையாடப் போவதில்லை; கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றி உள்ளே பார்ப்பதுபோல் பார்க்கப் போகிறோம்.

பாரிசும் புதுச்சேரியும்

1940 ஜூன் 14-ஆம் நாள் ஜெர்மானியப் படை பாரிசுக்குள் நுழைந்தது. ஜூன் 18-இல் ஜெனரல் தெ கோல் லண்டன் வானொலியிலிருந்து, போரைத் தொடருவோம் என்று அறைகூவல் விடுத்தார். ஜூன் 22-இல் பிரான்சு போர்நிறுத்த உடன்பாட்டில் கையெழுத்திட்டது.

புதுச்சேரி அப்போது பிரான்சின் ஆட்சியில் இருந்தது அல்லவா? பணிந்துபோன பிரெஞ்சு அரசின் பக்கம் நிற்பதா, தெ கோலின் 'சுதந்திர பிரான்சு' பக்கம் நிற்பதா என்ற கேள்வி இங்கும் எழுந்தது. ஆளுநர் லூயி போன்வேன் 1940 செப்டம்பரில் சுதந்திர பிரான்சின் பக்கம் சேர்ந்தார். ஆகவே விளையாட்டில் வரும் பாரிசின் கதை, ஒருவகையில் புதுச்சேரியின் பழைய ஏடுகளோடும் தொடர்புடைய கதைதான்.

விளையாட்டின் நாயகன் ஷான் டெவ்லின் என்னும் அயர்லாந்துக்காரன்; பந்தயக் கார் ஓட்டுபவன். அவனுடைய நண்பனை ஒரு நாஜி அதிகாரி கொன்றுவிடுகிறான். பழிவாங்கப் புறப்படும் டெவ்லின், பாரிசில் இயங்கும் தலைமறைவு எதிர்ப்பு இயக்கத்தோடு சேர்கிறான். காவற்கோபுரங்கள், எரிபொருள் கிடங்குகள், பிரசார ஒலிபெருக்கிகள் ஆகியவற்றைத் தகர்ப்பது அவன் வேலை.

இவனைப் படைக்கத் தூண்டுதலாக இருந்தவர் வில்லியம் குரோவர்-வில்லியம்ஸ் என்ற உண்மையான பந்தய வீரர். 1929-இல் மொனாக்கோவில் நடந்த முதல் கிராண்ட் பிரீ பந்தயத்தை வென்றவர். போர்க்காலத்தில் பிரிட்டனின் இரகசியப் பிரிவில் சேர்ந்து பிரான்சுக்குள் இறங்கிப் பணியாற்றினார். 1943 ஆகஸ்டில் பிடிபட்டார், உயிரோடு திரும்பவில்லை.

ஊரைத் துண்டுபோடும் வித்தை

இனி, ஒரு நகரத்தைக் கணிப்பொறிக்குள் எப்படி வைக்கிறார்கள் என்று பார்ப்போம். ஒரு சிறு கணக்குப் போடலாம்.

நம் ஊர் 4 கிலோமீட்டர் நீளமும் 4 கிலோமீட்டர் அகலமும் உள்ள சதுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 1.6 கோடி சதுர மீட்டர். சுவர், கதவு, நிறம், தரை என்று ஒவ்வொரு சதுர மீட்டரையும் விவரிக்க 1,000 பைட் தகவல் தேவை என்று கொள்வோம். மொத்தம் 1,600 கோடி பைட். 'தி சபோட்டர்' ஓடிய பிளேஸ்டேஷன் 3 கருவியில் இருந்த நினைவகம் மொத்தமே 512 மெகாபைட், அதாவது சுமார் 54 கோடி பைட். ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் உள்ளே போகும்!

என்ன செய்வது? ஊரை 200 மீட்டர் சதுரத் துண்டுகளாக வெட்டுகிறார்கள். நம் கணக்கில் 400 துண்டுகள் வரும். ஒவ்வொன்றும் 4 கோடி பைட். நீங்கள் நிற்கும் துண்டும் அதைச் சூழ்ந்த எட்டுத் துண்டுகளும் மட்டும் நினைவகத்தில் இருந்தால் போதும். ஒன்பது துண்டுகளுக்கு 36 கோடி பைட், இடம் போதுமானது. நீங்கள் வைத்திக்குப்பத்தில் வலை உலர்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பாரதி பூங்காவின் மரங்கள் நினைவகத்தில் எதற்கு? நீங்கள் தெற்கே நகர நகர, பின்னால் விட்ட மூன்று துண்டுகளை அழித்துவிட்டு, முன்னால் வரும் மூன்று துண்டுகளை வட்டத்தட்டிலிருந்து படித்துக்கொள்ளலாம்.

இங்கேதான் ஒரு சிக்கல். மூன்று துண்டுகள் 12 கோடி பைட். அந்தக் கருவியின் வட்டத்தட்டு இயக்கி நொடிக்குச் சுமார் 90 இலட்சம் பைட்தான் படிக்கும். ஆகவே 13 நொடிக்குமேல் ஆகும். நடந்து போகிறவர் 200 மீட்டரைக் கடக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகுமாகையால் கவலையில்லை. ஆனால் காரில் போனால்? மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 20 மீட்டர். பத்தே நொடியில் துண்டைத் தாண்டிவிடுவீர்கள். தெரு இன்னும் வந்து சேரவில்லை. கார் வெட்டவெளியில் பாய்ந்துவிடும்!

இதற்கு மருந்து என்ன? வைத்திக்குப்பத்து மீனவர்களைக் கேளுங்கள். விடியற்காலையில் கடலிலிருந்து கரை திரும்பும்போது முதலில் என்ன தெரியும்? ஒரு கோடுபோலக் கலங்கரை விளக்கம். அப்புறம் உயரமான கட்டடங்களின் உருவரை. அப்புறம் சுவர்களின் நிறம். கரையை நெருங்கிய பின்தான் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள், அவற்றின்மேல் உட்கார்ந்திருக்கும் ஆட்கள். தூரத்தில் உள்ளதை நம் கண் விவரமாகப் பார்ப்பதே இல்லை.

கணிப்பொறியும் இதையே பின்பற்றுகிறது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூன்று நான்கு வடிவங்களைத் தயாரித்து வைக்கிறார்கள். தொலைவில் நிற்கும்போது வெறும் பெட்டி. பக்கத்தில் வரும்போது சன்னலும் கம்பியும் உள்ள முழு வீடு. தொலைத் துண்டுகளுக்குத் தகவல் குறைவாகவே தேவைப்படுவதால் வட்டத்தட்டின் சுமை குறைகிறது. ஈஃபெல் கோபுரம் பாரிசின் எந்த மூலையிலிருந்தும் தெரிவதற்கும் இதே உத்திதான் காரணம்.

முதற்பலம்: கறுப்பு வெள்ளையும் வண்ணமும்

'தி சபோட்டர்' விளையாட்டை மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டுவது அதன் நிறம். நாஜிகளின் பிடியில் நம்பிக்கை இழந்து கிடக்கும் வட்டாரங்கள் கறுப்பு வெள்ளையில் தோன்றுகின்றன. நாஜிகளின் கொடியும் கைப்பட்டையும் மட்டும் செக்கச்செவேல் என்று தெரியும். அந்த வட்டாரத்தில் முக்கியமான ஒரு வேலையை முடித்தால் வானம் நீலமாகிறது. சுவர்களுக்கு வண்ணம் திரும்புகிறது. மக்களும் அஞ்சி ஒடுங்காமல் எதிர்த்து நிற்கத் தொடங்குகிறார்கள்.

நிறத்தை எப்படி எடுப்பது? திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அளவுகள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் சாம்பல் நிறம் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். கிடைக்கும், ஆனால் கண்ணுக்கு இயல்பாக இராது. ஏனெனில் நம் கண் எல்லா நிறத்தையும் சமமாக உணர்வதில்லை. பகல் ஒளியில் நம் கண் மிகுதியாக உணர்வது பச்சையை. நீலத்தை மிகக் குறைவாகவே உணர்கிறது. ஆகவே சிவப்பில் 30 விழுக்காடு, பச்சையில் 59 விழுக்காடு, நீலத்தில் 11 விழுக்காடு எடுத்துக் கூட்டுவது தொலைக்காட்சித் துறையின் பழைய வழக்கம். கலப்பில்லாத பச்சைப் புள்ளி 150 என்ற வெளிர்சாம்பலாகும். கலப்பில்லாத நீலம் 28 என்ற கரும்சாம்பலாகும். பழைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் நீலச் சேலை இருண்டு தெரிந்ததன் இரகசியம் இதுதான்.

சாம்பல் அளவையும் அசல் நிறத்தையும் கலக்கும் விகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் நகரத்துக்கு உயிர் திரும்புவதுபோல் இருக்கும். 1280 × 720 புள்ளிகள் கொண்ட திரையில், நொடிக்கு 30 படங்கள் என்றால், இந்தக் கணக்கை நொடிக்கு 2 கோடியே 76 இலட்சம் முறை செய்ய வேண்டும். வரைகலைச் செயலி பல புள்ளிகளை ஒரே நேரத்தில் கவனிப்பதால் இது இயலுகிறது.

இதில் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. எந்தத் தெருவில் ஆபத்து, எந்தத் தெருவில் ஆதரவு என்பதை வரைபடத்தைப் பார்க்காமலே ஆட்டக்காரர் அறிந்துகொள்கிறார். ஒரே நிறமாற்றம் கதையையும் சொல்கிறது, வழியையும் காட்டுகிறது. நல்ல வடிவமைப்பு என்பது இதுவே.

இரண்டாவது பலம், சுதந்திரம். ஒரு காவற்கோபுரத்தைத் தகர்க்கக் கூரை வழியாக வரலாம். எதிரியின் சீருடையை அணிந்து வாயில் வழியாகவே நுழையலாம். காரில் வேகமாக வந்து தாக்கிவிட்டுப் பறக்கலாம். ஒரு கணக்குக்குப் பல வழிகளில் விடை காண்பது போன்றது இது.

இயந்திரத்தின் பலவீனங்கள்

பலத்தைப் பார்த்தோம், இனிக் குறைகளைப் பார்ப்போம்.

காவலர்களின் அறிவை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தகைய விளையாட்டுகளில் காவலர் ஒருவருக்குச் சில நிலைகளே வகுக்கப்படும்: அமைதி, ஐயம், துரத்தல், தேடல். போக்குவரத்து விளக்குச் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறுவதுபோல் இவர்கள் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறார்கள். பார்வையின் கோணத்துக்குள், குறிப்பிட்ட தூரத்துக்குள் நீங்கள் ஓடினால் ஐயம் பிறக்கும். ஐயம் நிரம்பினால் துரத்தல். குறித்த எல்லையைத் தாண்டிப் போய் ஒளிந்தால் மீண்டும் அமைதி. சற்று முன் தன் தோழனைப் பறிகொடுத்த காவலர், சிறிது நேரத்தில் எதுவுமே நடவாததுபோல் உலாவத் தொடங்குகிறார்! நினைவாற்றல் இல்லாத எதிரியை ஏமாற்றுவதில் என்ன பெருமை?

கட்டடம் ஏறுவது இன்னொரு குறை. ஒவ்வொரு பிடிக்கும் ஒரு முறை பொத்தானை அழுத்தியாக வேண்டும், அலுப்புத் தட்டிவிடுகிறது. நூற்றுக்கணக்கான கோபுரங்களும் ஒலிபெருக்கிகளும் ஒரே மாதிரி இருப்பதால் பத்தாவதைத் தகர்க்கும்போதே புதுமை போய்விடுகிறது. கணிப்பொறிப் பதிப்பு வெளியானபோது சில வரைகலை அட்டைகளில் ஒழுங்காக ஓடாமல், பின்னர் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. இதில் ஒரு சோகமும் உண்டு. விளையாட்டு கடைக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், 2009 நவம்பரில், அதை உருவாக்கிய நிறுவனமே மூடப்பட்டுவிட்டது.

வரலாற்றுப் பிழைகளும் உண்டு. 1940-ஆம் ஆண்டுக் கதையில் 1965-இல் வெளியான நினா சிமோனின் பாட்டு ஒலிக்கிறது. பாரிசின் வானில் பிரமாண்டமான ஜெப்பலின் வான்கப்பல்கள் மிதக்கின்றன. உண்மை என்ன? ஜெர்மனிக்கு எரியாத ஹீலியம் கிடைக்கவில்லை. எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனையே நிரப்பினார்கள். 1937-இல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்து 36 பேர் மாண்டனர். எஞ்சியிருந்த பெரிய வான்கப்பல்களை, பாரிஸ் வீழ்வதற்கு முன்பே, 1940-இல் உடைத்து அவற்றின் உலோகத்தைப் போர் விமானத் தொழிலுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இவை சிறிய பிழைகள். கற்பனைக் கதையில் மன்னிக்கலாம். மன்னிக்கக் கடினமான ஒரு பெரிய குறை இருக்கிறது.

ஓசையில்லாத போர்

விளையாட்டில் நாசவேலை என்றால் வெடிச்சத்தம். உண்மையில் நடந்தவற்றுள் பெரும்பகுதி ஓசையில்லாமல் நடந்தது.

நூர் இனாயத் கான் என்ற பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? தந்தை வதோதராவில் பிறந்த இசைக்கலைஞர். திப்பு சுல்தானின் வழிவந்த குடும்பம். 1943 ஜூனில் நூர் பிரான்சில் இரகசியமாக இறங்கி, பாரிசிலிருந்து லண்டனுக்கு வானொலிக் கருவியில் செய்தி அனுப்பினார். அவருடைய எதிரி துப்பாக்கி மட்டுமன்று, இயற்பியலும்கூட. மத்திய அலை வானொலிப் பெட்டி வீட்டில் இருந்தால் அதை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு திசையில் ஒலி மங்கும். உள்ளே இருக்கும் வானலைவாங்கி திசைக்கேற்ப அலையை ஏற்பதே காரணம். ஜெர்மானியர் இப்படித் திசை காட்டும் கருவிகளை வண்டிகளில் ஏற்றித் திரிந்தார்கள். இரண்டு இடங்களிலிருந்து திசையைக் குறித்துக் கோடு போட்டால், கோடுகள் வெட்டும் இடத்தில் ஒலிபரப்பி இருக்கும். ஆகவே சுருக்கமாக அனுப்ப வேண்டும். உடனே இடம் மாற வேண்டும். நூர் அக்டோபரில் பிடிபட்டார். 1944 செப்டம்பர் 13-இல் டாஹௌ முகாமில் கொல்லப்பட்டார். வயது 30.

இன்னொரு நிகழ்ச்சி. 1944 ஜூன் 6-இல் நேசநாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கின. தெற்கே இருந்த 'தாஸ் ரைக்' என்ற கவசப் படைப்பிரிவு அங்கே விரைய வேண்டும். டாங்கிகளை ஏற்றிச் செல்ல ரயில் பெட்டிகள் காத்திருந்தன. 16 வயதுப் பெண் ஒருத்தியும் அவளுடைய 14 வயதுத் தங்கையும் இரவில் அந்தப் பெட்டிகளின் அச்சுகளிலிருந்து மசகை வடித்துவிட்டு, சாணைத்தூள் கலந்த மசகை வைத்துவிட்டார்கள். உராய்வைக் குறைக்க வேண்டிய பொருள் உராய்வைப் பெருக்கியது, அச்சுகள் இறுகிப்போயின. டாங்கிகள் சாலை வழியே ஊர்ந்தன. வழியில் வேறு தாக்குதல்களும் சேர்ந்துகொள்ள, படைப்பிரிவு போர்க்களம் சேர இரண்டு வாரத்துக்கு மேலாயிற்று. உங்கள் வயதுடைய இருவர், எட்டாம் வகுப்பு இயற்பியலைக் கொண்டு செய்த வேலை இது!

கதை இங்கே முடிந்தால் மகிழ்ச்சியாக இருக்கும். முடியவில்லை. அதே படைப்பிரிவு வடக்கே போகும் வழியில், ஜூன் 10-ஆம் நாள், ஒராதூர்-சுர்-கிளான் என்ற கிராமத்தில் பெண்கள், குழந்தைகள் உட்பட 640-க்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்று கிராமத்தையே எரித்தது.

1941 அக்டோபர் 20-இல் நாந்த் நகரில் ஜெர்மானிய அதிகாரி ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டபோதும் இப்படித்தான். அதற்கு ஈடாக, அந்தக் கொலையோடு தொடர்பில்லாத 48 பிணைக்கைதிகளை இரண்டே நாளில் சுட்டுக் கொன்றார்கள். அவர்களுள் ஒருவன் கீ மோக்கே, வயது 17. இன்று பாரிசில் ஒரு மெட்ரோ ரயில் நிலையம் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

விளையாட்டின் பெரிய குறை இதுதான். கோபுரம் சரிகிறது, வட்டாரத்துக்கு நிறம் திரும்புகிறது. கோபுரத்தைத் தகர்த்ததற்காக மறுநாள் பக்கத்துத் தெருக்காரர்கள் வரிசையில் நிறுத்தப்படும் கணக்கு அதில் இல்லை. உண்மையான எதிர்ப்பாளர்களின் நெஞ்சை அறுத்த கேள்வி ஒன்று உண்டு: 'நான் செய்யப்போகும் காரியத்துக்கு விலை கொடுக்கப்போவது யார்?' அந்தக் கேள்வி தெரிந்தும் அவர்கள் செயல்பட்டார்கள். சில வேளைகளில் தெரிந்தே செயலை நிறுத்தியும் வைத்தார்கள். அவர்களுடைய வீரத்தின் எடை அந்தத் தராசில்தான் தெரியும். தராசை எடுத்துவிட்டால் வெடிச்சத்தம் மட்டுமே மிஞ்சும்.

எதை விடுவது?

விளையாட்டைப் படைப்போர் எல்லாவற்றையும் வைக்க முடியாது, நினைவகம் போதாது. 'தி சபோட்டர்' வரைபடத்தில் பாரிசிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தள்ளியுள்ள லே ஹாவ்ர் துறைமுகமும் சில நிமிடக் கார்ப் பயணத்தில் வந்துவிடுகிறது. புகழ்பெற்ற இடங்களை வைத்துக்கொண்டு இடையில் உள்ளவற்றைச் சுருக்குவது இவர்கள் வழக்கம். கதையிலும் அதே சுருக்கல் நடக்கிறது. கோபுரமும் வெடியும் தங்குகின்றன; ரொட்டிக்காக வரிசையில் நின்றவர்களும், இரவில் துண்டுத்தாள் அச்சடித்தவர்களும் விடுபடுகிறார்கள்.

ஆகவே இத்தகைய விளையாட்டை நுழைவாயிலாகக் கொள்ளலாம். வரலாறாகக் கொள்ளக் கூடாது. கணிதமும் ஒளியியலும் எப்படி ஒரு நகரத்தைக் கட்டுகின்றன என்பதற்கு இது அருமையான பாடம். அந்த நகரத்தில் வாழ்ந்தவர்கள் யார் என்பதற்கு வேறு பாடப் புத்தகம் தேட வேண்டும்.

செய்து பாருங்கள்

கட்டமிட்ட தாளில் உங்கள் தெருவை வரையுங்கள். உங்கள் காலடியின் நீளத்தை அளந்து, எத்தனை அடி என்று எண்ணியே தூரத்தைக் கணக்கிடலாம். வீடு, கடை, குழாயடி, கோயில், மரம் எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு, நினைவகம் போதவில்லை என்று வைத்துக்கொண்டு அவற்றுள் நான்கில் மூன்று பங்கை அடித்துவிடுங்கள். எவற்றை அடித்தீர்கள், ஏன் அடித்தீர்கள் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள்.

மிஞ்சிய படத்தை உங்கள் தெருவில் நெடுநாளாக வாழும் ஒரு பாட்டியிடம் காட்டுங்கள். "இதில் எது குறைகிறது?" என்று கேளுங்கள். புதுச்சேரியை வரைகிறவர் கலங்கரை விளக்கத்தை மறக்கமாட்டார். வைத்திக்குப்பத்தில் வலை உலரும் திடலை மறந்துவிடக்கூடும். பாட்டி சொல்லும் பதிலையும் உங்கள் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.